பிரதிவாதியின் வாத்தியம்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. மனஸ்தாபம் வந்துவிட்ட மனிதரை, ஊரை மாற்றி, மூக்கை மாற்றிக் கதையில் போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக் கொள்ளலாம். நானே செய்திருக்கிறேன். அவரிடமே பேனாவைக் கொடுத்து, "ஐயா, உம்மைத் திட்டும் இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் அழகாக எழுதிக் கொடும்" என்று கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு இல்லை.

'ஃப்ளீட்வுட் மாக்' என்ற ராக் கோஷ்டிக்கு அந்த நிர்ப்பந்தம் வந்தது. 1976-ல் கலிபோர்னியாவில் சாஸலிட்டோ என்னும் ஊரின் ஒலிப்பதிவு நிலையத்தில் ஐந்து பேர் கூடினார்கள். பாஸ் கிதார் வாசித்த ஜான் மக்வியும், பியானோ வாசித்துப் பாடிய கிறிஸ்டீன் மக்வியும் பிரிந்துவிட்ட தம்பதி. கிதார்காரர் லிண்ட்ஸே பக்கிங்காமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் பல வருஷக் காதலை முறித்துக் கொண்டவர்கள். தாளவாத்தியம் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் இல்லறமும் உடைந்து கொண்டிருந்தது. 1977-ல் வெளிவந்த இசைத்தட்டுக்கு 'ரூமர்ஸ்' - வதந்திகள் - என்று பெயர். யோசனை ஜானுடையதாம்.

என் நண்பர் ஒருவர், சங்கீத அபிமானி, "இதெல்லாம் வெறும் அக்கப்போர்" என்கிறார். இருக்கட்டும். ஆனால் வேலை எப்படி நடந்தது, பாருங்கள்.

லிண்ட்ஸே தம் கோபத்தை 'கோ யுவர் ஓன் வே' என்று பாட்டாக்கினார். அதற்குப் பின்பாட்டுப் பாட வேண்டியவர் ஸ்டீவியேதான். பாடினார். ஸ்டீவி தம் பதிலை 'ட்ரீம்ஸ்' என்று எழுதினார். அதற்குக் கிதார் வாசித்தவர் லிண்ட்ஸே. அமெரிக்காவில் அந்தக் கோஷ்டிக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த ஒரே தனித்தட்டு அதுதான். 'டோன்ட் ஸ்டாப்' என்ற இன்னொரு தனித்தட்டை 1992-ல் கிளிண்டன் தேர்தல் பிரசாரத்துக்கு வைத்துக் கொண்டார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

என் மனம் போய் நிற்பது ஜான் மக்வியிடம். கிறிஸ்டீன் தம் புதுக் காதலைப் பற்றி 'யூ மேக் லவிங் ஃபன்' எழுதினார். ஜானிடம், அது நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லி வைத்தாராம். அவர் நம்பினாரோ, நம்பியதாகப் பாவனை செய்தாரோ! வாசிக்க வேண்டியதை வாசித்தார். கேட்டுப் பாருங்கள், பாட்டையே தாங்கி நிற்பது அந்தக் கீழ் ஸ்தாயி நாதம். ஓர் இடத்திலாவது கை அலட்சியமாக விழவில்லை.

ஸ்டீவிக்கு இன்னொரு வழக்கும் இருந்தது. 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' என்று நீளமான பாட்டு ஒன்று எழுதியிருந்தார். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நேரத்தை ஏற்ற ஏற்ற, கோடுகள் நெருங்கிச் சப்தம் சோர்ந்துவிடும். ஆகவே அதை எடுத்துவிட்டார்கள். ஸ்டீவி ஆட்சேபித்தும் பலிக்கவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? 1976 டிசம்பரில் வெளியான 'கோ யுவர் ஓன் வே' தனித்தட்டின் மறுபக்கம்! ஒரு பக்கம் வாதி, மறுபக்கம் பிரதிவாதி. ரேடியோக்காரர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தானே போடுவார்கள்? உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற 'ரூமர்ஸ்' தட்டில் அந்தப் பாட்டு இல்லை.

1997-ல் ஐந்து பேரும் மறுபடி கூடிக் கச்சேரி செய்தார்கள். அதன் பதிவு 'தி டான்ஸ்' என்று வெளிவந்திருக்கிறது. அதில் ஸ்டீவி 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாடுகிறார். முடிவு நெருங்கும்போது லிண்ட்ஸேயின் பக்கம் திரும்பி, அவர் முகத்துக்கு நேராகவே பாடுகிறார். லிண்ட்ஸே கண்ணை எடுக்கவில்லை. கிதாரையும் நிறுத்தவில்லை. பின்பாட்டும் பாடுகிறார்.