ஈரத்தின் காரணம்

திங்கட்கிழமை

கூட்டைச் சுத்தம் செய்வதற்காக எங்கள் முயல் முத்துவைத் தூக்கியபோது, பின்தொடைகளின் உட்புறத்து மயிர் நனைந்து மஞ்சளித்துக் கற்றை கற்றையாக ஒட்டிக் கிடந்ததையும், அதை விலக்கிப் பார்த்த இடத்தில் தோல் வெந்தாற்போல் சிவந்திருந்ததையும் கண்டேன். முயலின் சிறுநீர் காரத்தன்மை மிகுந்தது. தோலில் இடைவிடாது படிந்தால் அதைப் புண்ணாக்கிக் கிருமிகளுக்கு வழிதிறந்துவிடும். ஆயினும், தன் சரீரத்தை ஓயாமல் நக்கித் தூய்மை செய்துகொள்வதையே சுபாவமாகக் கொண்ட பிராணி இந்நிலைக்கு வந்திருக்கிறதென்றால், ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

செவ்வாய்க்கிழமை

கால்நடை மருத்துவர் புண்ணைவிட முதுகெலும்பையும் இடுப்பையும் வெகுநேரம் பரிசோதித்தார். எக்ஸ்ரேயில் இரண்டு காரணங்கள் புலப்பட்டன. முதுமையால் மூட்டுகளில் வாதம் கண்டிருப்பதனால், சிறுநீர் கழிக்கையில் பின்புறத்தை உயர்த்தவும், பிறகு திரும்பி நக்கவும் முத்துவால் இயலவில்லை. மூத்திரப்பையிலோ சுண்ணச் சத்து மணல்போல் திரண்டிருக்கிறது. மற்றப் பிராணிகளின் குடல் தேவைக்கேற்பவே சுண்ணச் சத்தை ஏற்க, முயலின் குடலோ உணவில் உள்ளதற்கேற்ப அதனை மிகுதியாக ஏற்று, எஞ்சியதைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. உடற்பருமன், மூத்திரப்பைக் கல், நரம்பைத் தாக்கும் ஒருவகை ஒட்டுண்ணி ஆகியவையும் இதே புண்ணை உண்டாக்கக்கூடும் என்றும், ஆகையால் காரணம் தெரியாமல் களிம்பு தடவுவதில் பயனில்லை என்றும் அவர் விளக்கினார்.

புதன்கிழமை

மருத்துவர் கற்பித்தவாறு சிகிச்சை தொடங்கிற்று. முயலின் தோல் மிக மெல்லியதாகையால், ஒட்டிய மயிரை இழுக்காமல் மெல்லக் கத்தரித்து, பாதிக்கப்பட்ட இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, ஈரம் சிறிதுமின்றி உலர்த்தினோம். உடல் முழுவதையும் குளிப்பாட்டினால் அச்சத்தாலும் குளிராலும் முயல் சோர்ந்து போகும். வாதத்தின் வலிக்கும் மருந்து கொடுத்திருக்கிறார். வலி தணிந்தாலன்றித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம் அதற்குத் திரும்பாது. மனிதருக்குரிய பெனிசிலின் வகை மாத்திரைகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நற்கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்து நேரும் என்று அவர் கண்டிப்பாக எச்சரித்தார்.

வெள்ளிக்கிழமை

உணவையும் உறைவிடத்தையும் ஒழுங்குபடுத்தியாயிற்று. வளரும் குட்டிக்கு ஏற்ற குதிரைமசால் முதிர்ந்த முயலுக்குச் சுண்ணச் சத்தை மிகையாக்குவதால் அதை விலக்கி, உலர்ந்த புல்லையே பிரதான உணவாக வைத்து, அருகம்புல்லையும் சேர்த்துக் கொடுக்கிறோம். அதே காரணத்தால் அகத்தியும் முருங்கையும் நிறுத்தப்பட்டன. குழாய்ப் புட்டியிலிருந்து உறிஞ்சுவதைவிடக் கிண்ணத்தில் முயல் தாராளமாக நீர் அருந்துமாதலால், அகன்ற மண்கிண்ணம் ஒன்று வைத்திருக்கிறோம். நீர் மிகுந்தால் மூத்திரப்பையில் படிவு தேங்குவது குறையும். சிறுநீர் கழிக்கும் பெட்டியின் ஒருபுற விளிம்பைத் தாழ்த்தி, கம்பித் தரையின்மேல் பாய் விரித்து, நனைந்த வைக்கோலை நாளுக்கு இருமுறை மாற்றுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை

சிவப்பு வெகுவாகத் தணிந்திருக்கிறது. எனினும், மழைக்கால ஈக்கள் பெருகியிருப்பதால் காலையும் மாலையும் பின்புறத்தைப் பார்த்துவிடுகிறோம். ஈரமான மயிரில் ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள்ளேயே பொரிந்துவிட, வெளிவரும் புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்னத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் ஒரு மணிநேரமும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். நாய்களின் உண்ணிக்கென விற்கும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு நஞ்சு என்பதையும் வளர்ப்போர் அறிந்திருப்பது அவசியம்.

நோவை முகத்திலோ குரலிலோ காட்டாமல் மறைப்பது இரையாகும் பிராணிகளின் இயல்பு. ஆகையால், முயலை வளர்ப்பவர் அது முறையிடும் வரை காத்திராமல், நாள்தோறும் கையால் தடவி, கண்ணால் நோக்கி, எங்கேனும் ஈரம் தென்பட்டால் அதைத் துடைத்ததோடு அமையாது அது எங்கிருந்து வந்தது என்று வினவுவதையே முதற்கடமையாகக் கொள்ளவேண்டும்.