உயரம் போதவில்லை

பௌர்ணமிக்கு மறுநாள் வைகறையில் எங்கள் அடி அண்ணாமலை வீதிக்குத் தனியானதோர் அமைதி உண்டு. 14 கிலோமீட்டர் மலைசுற்றும் பாதையை இரவெல்லாம் நடந்த பெருங்கூட்டம் கலைந்திருக்கும். தேநீர்க் கடைக்காரர்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள். சென்ற ஆண்டு அத்தகைய ஒரு நாளில் சுபுஹுத் தொழுகை முடித்துத் திரும்பியபோது, என் தங்கை மகன் தன் கால்பந்துப் பூட்ஸைக் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தில் அதன் கயிற்றாலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பதைக் கண்டேன். எறியவும் மனமில்லை, அணியவும் மனமில்லை என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இலக்கணம் படித்த எனக்கும் வராது.

அப்போது அவனுக்கு வயது 14. சென்னையில் ஒரு பயிற்சிக் கூடத்தில் ஈராண்டு தங்கிப் பயின்றவன். அடுத்த ஆண்டு இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த தாளில் இரண்டே வரிகள்: திறமை உண்டு, உடல் வளர்ச்சி போதவில்லை. அவன் அத்தா வளைகுடாவில் இருக்கிறார். வந்தவாசியிலிருந்து தங்கை தொலைபேசியில் அழுதாள். "அண்ணே, பந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒழுங்காப் படிக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு செய்தியை அதன் அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஏற்கலாகாது என்று மதரஸாவில் பழக்கிவிட்டார்கள். அந்த இரண்டு வரித் தாளின் அறிவிப்பாளர் யார்? ஓர் அளவுநாடா. அது சொன்னது உண்மையே. முழு உண்மையா என்பதுதான் என் ஐயம்.

ஆண் பிள்ளைகள் மிக விரைவாக உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. சராசரி என்ற சொல்லில்தான் சூழ்ச்சி இருக்கிறது. ஒருவனுக்கு அது 12-இல் வந்துவிடும். இன்னொருவனுக்கு 16 வரை வராது. ஒரே நாளில் பிறந்த இருவரில் ஒருவன் மீசை அரும்பி நிற்க, மற்றவன் குழந்தை முகத்தோடு நிற்பதை வகுப்பறையில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இருவரையும் ஒரே களத்தில் மோதவிட்டால் தோளால் இடித்துப் பந்தைப் பறிப்பவன் யார் என்று சொல்லவா வேண்டும்? அதைத் திறமை என்று பயிற்சியாளர் குறித்துக்கொள்கிறார்.

இதனோடு பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. வயதுப் பிரிவுகளைப் பெரும்பாலும் ஜனவரி முதல் தேதியைக் கொண்டு வகுக்கிறார்கள். எங்கள் பையன் டிசம்பரில் பிறந்தவன். தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவர்களோடு 'சமவயதினன்' என்ற பெயரில் நிற்கிறான். கனடா நாட்டில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் அறிஞரும் அவருடன் ஆய்ந்தவர்களும் பனிக்கட்டி ஹாக்கி வீரர்களின் பிறந்தநாள்களைப் பார்த்து, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே தேர்வில் மிகுந்திருப்பதை 1985-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்கள். பின்னர் கால்பந்திலும் இதே நிலை காணப்பட்டது. டிசம்பர்க் குழந்தைக்கு இறைவன் திறமையைக் குறைத்து வழங்குவதில்லை, நாட்காட்டிதான் குறைக்கிறது.

நம்மவர்க்கு நினைவிருக்கும் ஒரு வரலாறு. உஹதுப் போருக்கு இப்னு உமர் (ரலி) முன்னிறுத்தப்பட்டபோது அவருக்கு வயது 14. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப்போரின்போது 15, அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் இதைக் கேள்வியுற்ற கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்கள் சிறுவனுக்கும் பெரியவனுக்கும் இதுவே எல்லை என்று வைத்துக்கொண்டார்கள் என ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. சட்டம் ஓதுகையில் பருவ வயதுக்குச் சான்றாக மட்டுமே இதைப் படித்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. திருப்பி அனுப்பப்பட்டவர் பெயர் ஏட்டிலிருந்து அடிக்கப்படவில்லை. மறுமுறை வந்தபோது கதவு திறந்திருந்தது. அதே உஹதில் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) சிறுவராயினும் வில்லாற்றல் உடையவர் என்று சேர்த்துக்கொள்ளப்பட்டார். 'அவரை மல்லில் வீழ்த்த என்னால் முடியுமே' என்று ஸமுரா (ரலி) முறையிட்டார். இருவரையும் மோதவிட்டுப் பார்த்து, வென்ற ஸமுராவையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது சீரா நூல்களில் உள்ளது. சிறுவன் முறையிடலாம், அம்முறையீடு செவியேறும், சோதித்தும் பார்ப்பார்கள். சென்னைத் தாளில் முறையிடுவதற்கு இடமே இல்லை.

நம் நாட்டில் அண்மையில் நிகழ்ந்ததையும் பாருங்கள். 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. நம் அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அடித்தது ஒரே ஒரு கோல். 9-ஆம் தேதி தில்லியில், கொலம்பியாவுக்கு எதிராக, சஞ்சீவ் ஸ்டாலின் மூலையிலிருந்து அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி உள்ளே செலுத்தியவர் மணிப்பூரின் ஜீக்சன் சிங். உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல் அது. அந்த ஜீக்சன் தொடக்கத் தேர்வுகளில் எடுக்கப்படாதவர்! மினர்வா பஞ்சாப் இளையோர் அணியில் அவர் ஆடியதைக் கண்ட பின்னரே தேசிய அணியின் வாயில் திறந்தது. அந்தப் பயிற்சி ஆட்டம் நடவாதிருந்தால் அந்த ஒரு கோலும் நமக்கு இல்லை.

தனிமனிதரை மட்டுமா கைவிடுகிறோம்? இளைஞர்கள் ஆடிப் பழக வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் ஓர் அணியையே உருவாக்கிப் பெரியவர்களின் லீக்கில் இறக்கியது. 2013-இல் கலைத்தது. 2017-இல் மீண்டும் தொடங்கி, 2022-இல் மீண்டும் நிறுத்தியது. எங்கள் வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். விதைத்து நூறு நாளுக்குமேல் ஆகும். ஐம்பதாம் நாளில் செடியைப் பிடுங்கிப் பார்த்து 'காயே இல்லையே' என்று கொல்லையை உழுதுவிடும் உழவனை இங்கே நான் கண்டதில்லை.

மேலை நாட்டாரும் இதில் நம்மைவிடப் பொறுமைசாலிகள் அல்லர். 2015-16 பருவத்தில் இங்கிலாந்தின் சாம்பியனான லெஸ்டர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேமி வார்டியை அவர் 16 வயதாயிருக்கையில் உயரம் போதாதென்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழகம் அனுப்பிவிட்டது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறு கழகத்தில் ஆடியவர். மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்த கான்ட்டேயைக் குள்ளன் என்று பெரிய கழகங்கள் ஒதுக்கின; ஸ்யூரேன் என்னும் புறநகர்க் கழகத்தில் வளர்ந்து, 2018-இல் பிரான்சுக்கு உலகக் கோப்பை வென்று தந்த அணியில் நின்றார். அவர்களோடு ஆடிய அல்ஜீரிய வீரர் மஹ்ரஸும் மெலிந்த உடலினர் என்று ஐயுறப்பட்டவரே. ஒதுக்கப்பட்டவர் மூவர் ஓரணியில் கூடியபோது நடந்ததை உலகம் பார்த்தது.

பையனிடம் இவற்றைச் சொன்னேன். அவன் கேட்டான்: "மாமு, கான்ட்டே கூட அனுப்பிவிட்ட மத்த பசங்க என்ன ஆனாங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. வென்றவரின் வரலாறுதானே எழுதப்படுகிறது! அந்தக் கேள்வி என்னைப் பல ஆண்டுகளுக்கு முந்திய என் வகுப்பறைக்கு இழுத்துச் சென்றது. மாலை வேளையில் குர்ஆன் ஓதிக்கொடுத்த காலம். ஒரு சிறுவனுக்கு நாக்குத் திரும்பவில்லை. 'ளாத்' என்ற எழுத்து ஓராண்டாகியும் வரவில்லை. மற்றவர்களை அவன் தாமதப்படுத்துவதாக எண்ணி, மனப்பாடப் பிரிவிலிருந்து நீக்கினேன். 'இவனுக்கு வராது, வேறு ஏதேனும் கற்றுக்கொடுங்கள்' என்று அவன் தந்தையிடம் சொன்னேன். அச்சாணியை எடுத்துக்காட்டி உருவங்கண்டு இகழாதே என்னும் குறளைக் காலையில் நடத்திவிட்டு மாலையில் இதைச் செய்தவன் நான். அவன் இப்போது போளூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். காணும்போதெல்லாம் அன்போடு ஸலாம் சொல்கிறான். தேநீர் வாங்கித் தருகிறான். அன்று மூடிய வேதத்தை அவன் பிறகு முறையாகத் திறந்து ஓதவே இல்லை என்பதை அவனே சிரித்தபடி சொன்னான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

பயிற்சிக் கூடத்தார்க்கும் நியாயம் உண்டு. படுக்கை இருபது, பிள்ளைகள் ஐம்பது என்றால் எவரையேனும் அனுப்பத்தான் வேண்டும். இந்த ஆண்டுக் கோப்பை வராவிட்டால் பயிற்சியாளருக்கே வேலை போகும். அவர் இன்றைய பெரிய உடலைத்தான் தேடுவார். ஆனால் அனுப்புவது வேறு, கைகழுவுவது வேறு. ஓராண்டு கழித்து வந்து காட்டு என்று மூன்றாவது வரி ஒன்று எழுத என்ன செலவு? தர்பிய்யத் என்ற சொல்லுக்கு, ஒன்றை நிலை நிலையாக அதன் நிறைவுக்குக் கொண்டுசேர்த்தல் என்ற கருத்தில் இமாம் ராகிப் அல் இஸ்ஃபஹானி தம் முஃப்ரதாத்தில் விளக்கம் தருகிறார். நிலைகளுக்கு இடையில் காத்திருப்பும் அதில் அடக்கம் என்றே நான் கொள்கிறேன்.

தங்கைக்குச் சொன்னேன்: "படிப்பை விடமாட்டான், பந்தையும் விட வேண்டாம். 16 வயசு வரைக்கும் என் பொறுப்பு. அப்புறம் நீ சொல்றபடி." அவள் நெடுநேரம் பேசவில்லை. "பெரிய ஆளா வராமப் போனா?" என்றாள். வராமலும் போகலாம் என்றேன். அதைச் சொல்லாமல் வாக்களித்திருந்தால் நானும் அந்தத் தாளை எழுதியவரைப் போல் ஆகியிருப்பேன்.

முருங்கை மரத்துப் பூட்ஸ் ஒரு வாரம் கழித்துக் கீழிறங்கியது. சுபுஹுக்குப் பின் பாதையில் ஓடுகிறான். மாலையில் ஊருக்கு வெளியே தரிசு நிலத்தில் இரண்டு கற்களை நட்டு ஆடுகிறான். கதவு நிலையில் பென்சிலால் அவன் உயரத்தைக் குறித்து வைத்தேன். ஆறு மாதமாகியும் கோடு அரை விரற்கடைதான் ஏறியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் அளக்கச் சொல்லி வரவில்லை.

சென்ற மாதம் ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தான். அடிபட்டதோ என்று பதறினேன். "இல்ல மாமு, பூட்ஸ் கடிக்குது" என்றான். கழற்றிப் பார்த்தால் பெருவிரல் நகம் கருத்திருந்தது. பிள்ளைகளுக்கு உயரம் கூடுமுன் பாதந்தான் முதலில் வளரும் என்று எங்கோ படித்த நினைவு. திருவண்ணாமலைத் தேரடித் தெருவுக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் அளந்து பார்த்து ஓர் அளவு கூட்டிக் கொடுத்தார். பையன் போட்டு நடந்து பார்த்துவிட்டு, இன்னும் ஓர் அளவு பெரிதாகக் கேட்டான்.

"இப்ப லூசா இருக்குமே, தம்பி" என்றார் அவர்.

"பரவாயில்லை, கொடுங்கள்" என்றேன் நான்.