பின்னால் வரும் கார்

டூர் டி பிரான்ஸ் பார்க்கும்போது நம்ம கண்ணெல்லாம் முன்னால் போகிறவர்கள் மேல்தான். பின்னால், கூரையில் சைக்கிள்களை அடுக்கிக்கொண்டு வரும் கார்களை யார் கவனிக்கிறோம்? அதில் இருப்பவர்தான் அணியின் டைரக்டர். பெரும்பாலும் அவரும் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். யார் இப்போ பாயணும், யார் யாருக்காகக் காத்திருக்கணும் என்பதெல்லாம் அவர் கணக்கு.

இவர்களைப் பற்றி நாங்கள் தேடிப் படிக்க ஒரு காரணம் உண்டு. எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் எங்களில் ஒருத்தராலும் அவரை முந்த முடிந்ததில்லை. போன வருஷம் முழங்கால் போச்சு. "இனி ஏத்தம் வேணாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதோடு அண்ணன் எங்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அப்படித் தேடியபோது கிடைத்தவர்தான் பிரான்ஸின் சிரில் கிமார். 1972 டூரில் மாபெரும் வீரர் எடி மெர்க்ஸையே திணறடித்தவர். நாலு கட்டங்களை வென்று, சில நாட்கள் மஞ்சள் ஜெர்சியும் போட்டார். ஆனால் முழங்கால் வலி. பாரிஸ் வந்துசேர இரண்டே நாள் இருக்கும்போது, பச்சை ஜெர்சியோடு விலகினார். கடைசியில் அந்த ஜெர்சியை வென்ற மெர்க்ஸ், அதை கிமாரிடமே கொடுத்தார்.

1976இல், 29 வயதில், கிமார் டைரக்டர் ஆனார். அந்த வருஷமே அவருடைய வீரர் லூசியன் வான் இம்பே டூரை வென்றார். பிறகு பெர்னார் இனோ 1978, 79, 81, 82 என்று நாலு தடவை. லோரன் ஃபின்யோன் 1983, 84இல் இரண்டு தடவை. தான் ஒரு தடவைகூட வெல்லாத டூரை மற்றவர்களை ஓட்டவைத்து ஏழு தடவை வென்ற மனுஷன்!

எங்களை நிறுத்தி யோசிக்கவைத்தது இடையில் வரும் 1980. இனோ மஞ்சள் ஜெர்சியில் இருக்கும்போதே முழங்கால் வலியால் விலகினார். எட்டு வருஷத்துக்கு முன் கிமாருக்கு நடந்த அதே கதை. 1983இலும் இனோவுக்கு முழங்கால் பிரச்சினை, டூருக்கே வரவில்லை. அப்போது அணியில் இருந்த 22 வயதுப் பையன் ஃபின்யோன்தான் வென்றான்.

கிமார் எல்லோருக்கும் இனித்தவர் இல்லை. இனோ அவரோடு முரண்பட்டு வேறு அணிக்குப் போனார். 1989இல் ஃபின்யோன் வெறும் 8 செக்கனில் டூரைத் தோற்றபோதும் டைரக்டர் கிமார்தான். வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டும் கிமாரிடம் வளர்ந்தவரே. கடைசி நாள் லெமாண்ட் கைகளை முன்னே நீட்டிவைக்கும் புது ஹேண்டில் பூட்டியிருந்தார். ஃபின்யோனிடம் அது இல்லை. அனுபவம் பெரிசுதான், ஆனால் அனுபவம் மட்டும் போதாது.

நம்ம பக்கத்தில் சைக்கிளை விட்டவரை "முன்னே ஓட்டினவர்" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். எந்த வளைவில் மூச்சை மிச்சம் பிடிக்கணும், எங்கே காற்று எதிரே அடிக்கும் என்பதெல்லாம் அவர் உடம்பில் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாவிட்டால் அது அவரோடே போய்விடும்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லி, "நீங்க பின்னால ஓட்டோவில வாங்க, எங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் நில்லுன்னா நிப்பீங்களாடா?" என்றார்.

நியாயமான கேள்வி. ஆம் என்று சொல்ல நாங்கள் இன்னும் பழகணும்.