மானியம் நின்ற பிறகு

இங்கிலாந்து தேசத்தில் ஒரு குடும்பம் தன் வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தையும் எரிவாயுவையும் தனக்குப் பிடித்த ஒரு கம்பெனியிடம் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ விலை பேசி வாங்கிக்கொள்கிறது. தவணை முடிவதற்கு ஆறேழு வாரங்களுக்கு முன்பே, உங்கள் ஒப்பந்தம் இன்ன தேதியோடு முடிகிறது என்று அந்தக் கம்பெனி கடிதம் எழுதியாக வேண்டும் என்பது அங்கே விதி. கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் சாதாரணக் கட்டணத்துக்கு மாறிவிடுவார்கள். அந்தக் கட்டணத்துக்கும் 2019-ஆம் ஆண்டு முதல் ஓர் உச்சவரம்பு உண்டு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட கடிதம் எந்த வீட்டுக்கும் வருவதில்லை. மின்சாரத்துக்கு ஒரே வாரியம். சிலிண்டருக்கு மூன்று கம்பெனிகள் இருந்தாலும் விலை ஒன்றுதான். அதனால் நமக்கு ஒப்பந்தமே கிடையாது என்று எண்ணிவிடக்கூடாது. அரசாங்கம் தருகிற சலுகையை நம்பி ஒரு குடும்பம் தன் அடுப்பையே மாற்றிக்கொள்கிறது என்றால் அதைவிடப் பெரிய ஒப்பந்தம் வேறு என்ன இருக்கிறது?

2015-ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து தேசம் முழுவதும் சிலிண்டருக்கு முழு விலையையும் கொடுத்து வாங்குவது, மானியத் தொகை பின்னால் வங்கிக் கணக்கில் வந்து சேர்வது என்று ஏற்பாடாயிற்று. மறு ஆண்டு மே மாதம் உஜ்வலா திட்டம் வந்து, ஏழைக் குடும்பத்து ஸ்திரீகளின் பெயரிலேயே இணைப்புகளைக் கொடுத்தது. கூடலூரிலும் சுருளிப்பட்டியிலும் அதற்கு முன்னால் கொடியடுப்பில் ஊதுகுழலோடு மல்லாடிக்கொண்டிருந்த பலர், மண்ணடுப்பை இடித்துவிட்டு மேடை கட்டினார்கள். 2020-ஆம் ஆண்டின் மத்தியில், உலகச் சந்தையில் விலை விழுந்திருந்த சந்தர்ப்பத்தில், மானியம் அநேகருக்கு அடியோடு நின்றது. சிலருக்குப் பேருக்குச் சில ரூபாயாகச் சுருங்கிற்று. அதற்குப் பிறகு விலை ஏறியது, ஆனால் மானியம் திரும்பவில்லை. இன்ன தேதியோடு முடிகிறது என்று யாரும் தண்டோராப் போடவில்லை. வங்கிப் புத்தகத்தில் வரவு விழாததைப் பார்த்துத்தான் ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். 2022-இல் சிலிண்டர் விலை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு மே மாதத்தில் உஜ்வலா வீடுகளுக்கு மட்டும் 200 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். மறு ஆண்டு அக்டோபரில் அது 300 ஆயிற்று. மற்ற வீட்டார் தாங்களாகவே ஒரு தீர்மானத்துக்கு வர வேண்டியிருந்தது.

அநேக வீடுகளில் முதலில் எழுந்த யோசனை விறகுதான். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்த குச்சி கிடக்கிறது, தென்னந்தோப்பில் மட்டையும் பாளையும் விழுகின்றன, மலையடிவாரத்தில் சுள்ளி இருக்கிறது. காசு கொடுக்காமல் கிடைப்பதை விட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் கொடுப்பானேன் என்று வீட்டு ஆண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். நான் அறிந்த மூதாட்டி ஒருவர், ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையிலே ஜீப்பில் ஏறிக் குமுளி வழியாகப் போய், இருட்டின பிறகு திரும்புகிறவர், இந்தப் பேச்சு வந்தபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "வெறகு சும்மா கெடைக்குதுன்னு அவுக சொல்றாக. பெறக்குறது யாரு, சுமக்குறது யாரு, ஊதுறது யாரு?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் கணக்கில் இடம் கொடுக்காத எந்தத் தீர்மானத்தையும் நான் தீர்மானமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். பகல் முழுவதும் கூலி வேலை செய்து வந்த ஒரு ஸ்திரீ, ஞாயிற்றுக்கிழமை ஒன்று ஓய்வு கிடைத்தால் அதையும் சுள்ளிக்குக் கொடுத்துவிட்டு, காற்றோட்டமில்லாத சமையற்கட்டில் கண்ணீர் வடியப் புகையைக் குடிப்பதற்கு விலையே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் விறகு இலவசமாகும். மேலும், சுள்ளி பொறுக்கும் வழி இப்போது முன்போலத் திறந்தும் கிடக்கவில்லை. மேகமலைக் காடு 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயத்தோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. காட்டுக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் அச்சத்தோடுதான் வைக்க வேண்டியிருக்கிறது. காடு காக்கப்பட வேண்டியதே. ஆனால் காட்டையும் மூடி மானியத்தையும் நிறுத்தினால் சோறு எதில் வேகும் என்று கேட்க அந்த ஸ்திரீகளுக்கு உரிமை உண்டு.

அடுத்தபடியாக யோசித்தது கரண்ட் அடுப்பு. இதில் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற சமையலை இண்டக்ஷன் அடுப்பில் செய்தால் சுமார் 130 யூனிட் செலவாகும். ஒரு சிறிய குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் என்று வைத்துக்கொண்டு, 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவாகும் வீட்டின் பில் 675 ரூபாய். இந்த 130-ஐயும் சேர்த்தால் 1,305. கூடுதல் 630 ரூபாய்தான். அன்றைய சிலிண்டரைவிட வெகு மலிவு. ஆனால் ஏற்கெனவே 420 யூனிட் எரிக்கும் வீட்டின் பில் 1,245-லிருந்து 2,350-க்குத் தாவுகிறது. கூடுதல் 1,105 ரூபாய்! காரணம் 500 என்ற எல்லைக்கோடு; அதைத் தாண்டிய வீட்டுக்கு 101-க்கும் 200-க்கும் இடைப்பட்ட யூனிட்டுகளுக்குக் கொடுத்துவந்த தள்ளுபடியும் பறிபோய்விடுகிறது. ஆகவே பக்கத்து வீட்டார் வாங்கினார்கள் என்பதற்காக அடுப்பு வாங்குவது சரியல்ல; நம் வீட்டு வெள்ளை அட்டையில் ஓராண்டுக்கான ஆறு கணக்கெடுப்பையும் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். சித்திரை, வைகாசிக் கோடையில் மின்விசிறியும் பிரிட்ஜும் ஓய்வில்லாமல் ஓடும் அந்த ஒரு பில்லை மட்டுமாவது தனியாகப் பார்க்க வேண்டும்.

உபயோகம் மாறினால் உடன்படிக்கையையும் புதிதாகப் படிக்க வேண்டும் என்பது இந்தப் பள்ளத்தாக்குக்குத் தெரியாத விஷயமல்ல. நம்முடைய ஜீவனமே ஒரு குத்தகைப் பத்திரத்தின் மேல் நிற்கிறது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு எழுதப்பட்ட பெரியாற்று அணைக் குத்தகை 999 ஆண்டுகளுக்கானது; ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை. எழுதியவர்கள் பாசனத்தை நினைத்து எழுதினார்கள். அந்தத் தண்ணீரில் மின்சாரமும் பிறக்கும் என்பது அதில் இல்லை. 1950-களின் கடைசியில் லோயர்கேம்ப்பில் மின்நிலையம் ஓடத் தொடங்கிற்று. ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று குறைவாக எழுதிய பத்திரத்தையும் அப்படியே விட்டுவிட முடியாமல், 1970-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு மாநிலங்களும் உட்கார்ந்து, வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, 30 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பரிசீலிப்பதென்றும், மின்சாரத்துக்குத் தனியாகப் பணம் கொடுப்பதென்றும் முடிவு செய்தன. இரண்டு ராஜ்யங்கள் செய்ததை ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் செய்யக்கூடாதா?

வசதியுள்ள வீட்டுக்கு மொட்டைமாடிச் சூரிய மின்சாரம் நல்ல வழி. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும்; 420 யூனிட் வீட்டை இண்டக்ஷன் அடுப்போடும் எல்லைக்கோட்டுக்கு உள்ளே நிறுத்திவைக்க அதுவே போதும். ஆனி, ஆடி மாதங்களில் மேகம் மூடி விளைச்சல் குறையும். ஓட்டு வீட்டுக்காரருக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் இந்தப் பேச்சால் பிரயோஜனம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களுக்கு என் அபிப்பிராயம், கேஸை விடாதீர்கள் என்பதே. காலைச் சமையல், இரவுச் சமையல், குழந்தைக்குப் பால் காய்ச்சுவது இவையெல்லாம் கேஸில் நடக்கட்டும்; குளிக்க வெந்நீருக்கு மட்டும் தென்னை மட்டை முற்றத்தில் எரியட்டும். சிலிண்டரின் மேல் ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்து, எது வரைக்கும் ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்த்தே மிச்சத்தை மட்டிடத் தெரிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு, எதை எவ்வளவு எரிப்பது என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

உஜ்வலா இணைப்புள்ள வீட்டாரிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுக்குப் பன்னிரண்டு சிலிண்டருக்குக் கிடைத்துவந்த அந்த 300 ரூபாய், 2025-26-இல் ஒன்பது சிலிண்டருக்கு என்று குறைந்திருக்கிறது. கடைசியாக வாங்கிய சிலிண்டருக்கு அது வரவு விழுந்ததா என்று இந்த வாரமே வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பாருங்கள். கணக்கு அந்த வீட்டு ஸ்திரீயின் பெயரில் இருக்கிறது. புத்தகமும் அவர் கையிலேயே இருக்கட்டும். அந்தப் பணத்தை அடுத்த சிலிண்டருக்கென்று அவரே எடுத்து வைக்கட்டும்.