3712 கம்பிகளும் அவற்றின் இரைச்சலும்

உதகமண்டலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே நடக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வின் மியூவான் தொலைநோக்கி, காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணுகிறது. அதற்குக் கண்ணாடியோ குவிமாடமோ கிடையாது. அது 560 சதுர மீட்டர் பரப்பில் அடுக்கிய 3712 இரும்புக் குழாய்கள்தான். ஒவ்வொரு குழாயும் 6 மீட்டர் நீளம்; வெட்டுமுகம் 10 சென்டிமீட்டர் சதுரம்; சுவரின் கனம் 2.3 மில்லிமீட்டர். உள்ளே ஆர்கானும் மீத்தேனும் ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்த பி-10 வாயு. நடுவில், முனையிலிருந்து முனைவரை, 100 மைக்ரான் தடிமனுள்ள ஒரே ஒரு டங்ஸ்டன் கம்பி.

கூடத்தில் முதலில் கண்ணில் படுவது குழாய்கள் அல்ல, கான்கிரீட்தான். குழாய்கள் நான்கு அடுக்காக, ஓர் அடுக்குக்கு அடுத்தது குறுக்காகக் கிடக்கின்றன. அடுக்குகளுக்கு நடுவிலும் தலைக்கு மேலும் சேர்த்து மொத்தம் 2 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் பாளங்கள். மற்ற துகள்களை அந்தக் கான்கிரீட் உறிஞ்சிவிட, 1 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள மியூவான்கள் மட்டுமே கடைசி அடுக்கு வரை வந்து சேரும். ஒரு தொகுதிக்கு 232 குழாய்கள். இப்படி 16 தொகுதிகள். நாள் ஒன்றுக்கு இவை பதிவு செய்யும் மியூவான்கள் சுமார் 400 கோடி.

ஒரு மியூவான் குழாயைக் குறுக்காகக் கடக்கும்போது வாயு அணுக்களில் இருந்து சுமார் ஆயிரம் எலெக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகிறது. கம்பிக்குக் கொடுத்திருக்கும் உயர் மின்னழுத்தம் அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். கம்பியை நெருங்க நெருங்க மின்புலம் கூடிக்கொண்டே போவதால், கடைசி ஒரு மில்லிமீட்டருக்குள் ஒவ்வொரு எலெக்ட்ரானும் மற்ற அணுக்களை மோதிப் பல ஆயிரமாகப் பெருகும். அப்படிப் பெருகிய பிறகும் கம்பியில் வந்து சேரும் மின்னூட்டம் ஒரு பிகோகூலும் அளவைச் சுற்றியே இருக்கும். அடுத்து வரும் மின்னணுப் பலகைகள் எல்லாம் இந்தச் சிறு துடிப்பைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகத்தான்.

கம்பியால் துடிப்பைப் பிடிக்கும் இதே முறையில், ஜார்ஜ் சார்பாக் 1968இல் செர்ன் ஆய்வகத்தில் ஒரே வாயு அறைக்குள் பல கம்பிகளை வரிசையாகக் கட்டிக் காட்டினார். 1992இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் டிரிஃப்ட் சேம்பர். அதில் துடிப்பு வந்ததா என்பதோடு எப்போது வந்தது என்பதும் முக்கியம். வாயுவில் எலெக்ட்ரான்கள் ஒரு மைக்ரோநொடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு நானோநொடி பிசகினால் துகள் சென்ற இடம் 50 மைக்ரான் தள்ளிப்போகும். ஊட்டிக் குழாய்களுக்கு அவ்வளவு நுட்பமான காலக்கணக்கு தேவையில்லை. ஆனால் கம்பி, வாயு, துடிப்பைப் பெருக்கும் முன்பெருக்கி, ஓர் அளவுக்குக் கீழான துடிப்பை ஒதுக்கும் வாசல் மின்னழுத்தம் என்ற வரிசை இரண்டுக்கும் ஒன்றே. இரைச்சல் புகும் வழிகளும் ஒன்றே.

வேலை கம்பியில் தொடங்குகிறது. தறி ஊரான வெண்ணந்தூரில் பாவு பூட்டுகிறவர் இழையை விரலால் நீவிப் பார்த்தே தொய்வைச் சொல்லிவிடுவதைப் போல, இங்கேயும் இழுவிசைதான் முதல் சோதனை. தொய்ந்த கம்பி மையத்தை விட்டு விலகினால் குழாயின் ஒரு பகுதியில் பெருக்கம் கூடும், இன்னொரு பகுதியில் குறையும். கம்பி அதிர்ந்தால் அந்த அதிர்வே மின்துடிப்பாக வெளியே வரும். கம்பியைத் தாங்கும் முனையில் ஈயம் வைக்கும்போது சொட்டு கூராக நின்றுவிடக் கூடாது; உருண்டையாக, வழவழப்பாக முடிய வேண்டும். பல ஆயிரம் வோல்ட்டில் ஒரு கூர்முனை தானாகவே மின்னிறக்கம் செய்யத் தொடங்கும். காப்பான் மேல் விரல் ரேகை படிந்திருந்தாலும் ஈரக்காற்றில் அதன் வழியே மின்சாரம் கசியும். மேகம் வீட்டுக்குள் நுழைந்து போகும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. ஈயம் வைத்த கையோடு ஆல்கஹால் தொட்டுத் துடைத்து உலர்த்துவது அதற்காகத்தான்.

அடுத்தது முன்பெருக்கி. 6 மீட்டர் குழாயையும் அதன் கம்பியையும் சேர்த்துக் கணக்கிட்டால் மின்தேக்குத்திறன் சுமார் 50 பிகோஃபாரட் வரும். சாதாரண கோஆக்சியல் கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் சேர்க்கும். முன்பெருக்கியை இரண்டு மீட்டர் தள்ளி வசதியான இடத்தில் வைத்தால், கேபிள் மட்டுமே குழாயைப் போல நான்கு மடங்கு சுமை ஆகிவிடும். அந்தச் சுமைக்கேற்ப முன்பெருக்கியின் சொந்த இரைச்சலும் ஏறும். அதனால்தான் முன்பெருக்கிப் பலகையைக் குழாயின் முனையிலேயே உட்கார வைக்கிறார்கள். எட்டாத இடம், பழுது பார்க்கச் சிரமம் என்றாலும் வேறு வழியில்லை.

பலகையைச் சோதிக்க மியூவானுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1 பிகோஃபாரட் மின்தேக்கி வழியாக 1 மில்லிவோல்ட் படித்துடிப்பு ஒன்றைச் செலுத்தினால் உள்ளே போவது சுமார் 6240 எலெக்ட்ரான்கள். துடிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எத்தனை முறை பலகை பதில் சொல்கிறது என்று குறித்துக்கொண்டே போவார்கள். இரைச்சலே இல்லாத பலகையானால் ஓர் அளவு வரை மௌனம், அதைத் தாண்டியதும் நூற்றுக்கு நூறு. உண்மையான பலகையில் வளைவு சாய்வாக ஏறும். அந்தச் சாய்வு எவ்வளவு அகலமோ அதுவே இரைச்சலின் அளவு. பிறகு குழாயோடு இணைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மேசைமேல் தனியாக அமைதியாக இருந்த பலகை குழாயில் ஏறியதும் கத்தத் தொடங்குவது இந்த வேலையில் அன்றாடம் நடப்பது.

குழாய்க்கு மெய்யான சோதனையை மியூவான்களே நடத்துகின்றன. கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடம் ஒன்று வீதம் அவை விழுகின்றன. 6 மீட்டர் குழாய்க்கு நொடிக்கு நூறு என்று வைத்துக்கொள்ளலாம். மெல்லிய சன்னலுள்ள அறைகளைச் சோதிக்க இரும்பு-55 மூலத்தைப் பயன்படுத்துவது உலக வழக்கம். ஆனால் அதன் 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் 2.3 மில்லிமீட்டர் இரும்பைத் தாண்டவே தாண்டாது. அமெரிசியம்-241 உமிழும் 59.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே போகும்.

இனி இரைச்சல். இதில் இரண்டு சாதிகள் உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. முதல் வகை ஒவ்வொரு பலகையிலும் தனித்தனியே பிறக்கும் வெப்ப இரைச்சல். ஒரு குழாய் தன்பாட்டுக்கு நொடிக்கு நூறு பொய்த்துடிப்பு கொடுத்தாலும் பெரிய கேடில்லை. மியூவான் நான்கு அடுக்கையும் ஒரே கணத்தில் கடக்கிறது. நான்கு அடுக்கிலும் சில மைக்ரோநொடிக்குள் துடிப்பு வந்தால் மட்டுமே எண்ணுவது என்று வைத்துவிட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு பொய்கள் தற்செயலாகச் சேரும் வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கது. இரண்டாவது வகை எல்லாக் குழாய்க்கும் ஒரே நேரத்தில் வருவது: எர்த் வழியாக, மின்வழங்கி வழியாக, கேபிளின் உறை வழியாக. நான்கு அடுக்கும் ஒரே கணத்தில் துடிக்கும்; நிபந்தனை நிறைவேறிவிடும். அடுக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் உத்தி இங்கே பயன்படாது. என் கணிப்பில், கைத்திறன் முழுக்கத் தேவைப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஆசிலோஸ்கோப் திரையில் தேடுகிறார்கள். 20 மில்லிநொடிக்கு ஒருமுறை எழும் அலை என்றால் அது மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ். எங்கோ இரண்டு இடத்தில் எர்த் கொடுத்து ஒரு வளையம் உண்டாகியிருக்கும். பல பத்து அல்லது பல நூறு கிலோஹெர்ட்ஸில் ஒழுங்காக வரும் ஊசிகள் ஸ்விட்ச்சிங் மின்வழங்கியின் வேலை. ஒழுங்கில்லாமல் வந்து, உயர் மின்னழுத்தத்தைக் குறைத்தால் அடங்கிவிடும் துடிப்பானால் குழாய்க்குள்ளேயே மின்னிறக்கம். கேபிளைக் கையால் அசைத்தால் மாறுகிறதா? இணைப்பான் தளர்வு. குழாயின் இரும்புச் சுவர்தான் அதற்குக் கவசம் என்பதால், கவசம் பூமியோடு சேரும் இடத்தில் ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் போதும். அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பான உலோகத்தில் திருகை இறுக்கிவிட்டால் திரையில் கோடு மெலிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

விசைத்தறி ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி புதிதல்ல. வெண்ணந்தூரில் ஒரு தெருவின் தறி மோட்டார்கள் ஓடத் தொடங்கும்போது வானொலி கரகரப்பதும் விளக்கு மங்கி எழுவதும் எல்லோரும் அறிந்ததே. இராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரிகளில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் ஒரு சிறு வாயுக்குழாய் எண்ணியை அந்தத் தெருவில் வைத்து அமைதியாக இயக்கிக் காட்டினால், எர்த், வடிகட்டி, கவசம் மூன்றையும் எந்தப் பாடநூலையும் விட நன்றாகக் கற்றுக்கொள்வார்கள்.

இரைச்சலைத் தேடிச் சலித்தவர் கை தானாகப் போகும் இடம் வாசல் மின்னழுத்தத்தின் திருகு. அதைக் கூட்டினால் திரை உடனே சுத்தமாகிவிடும். ஆனால் பலவீனமான மியூவான் துடிப்புகளும் அதோடு போய்விடும். எத்தனை போகும் என்பது வெப்பநிலை, வாயுவின் நிலை, மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். ஒரு சதவீதத்துக்கும் கீழான மாற்றங்களைத் தேடும் கருவியில் இது பொறுக்க முடியாத பிழை. முதலில் இரைச்சல் புகுந்த வழியை அடைக்க வேண்டும். மிச்சமிருப்பதற்கு ஏற்பத்தான் வாசலை வைக்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களை வீண் என்று கணக்கெழுதும் மேலாளர் கருவியைப் புரிந்துகொள்ளவில்லை.

இந்தக் கவனத்துக்கு ஒரு சோதனை 2014 டிசம்பர் 1 அன்று வந்தது: ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் கடந்தது. சுமார் 18 நிமிடம் மியூவான் எண்ணிக்கை ஏறத்தாழ 2 சதவீதம் குறைந்தது. இடி மின்னல் நேரத்தில் மின்னணுவியல் கருவி தடுமாறியிருக்கும் என்ற சந்தேகம் எவருக்கும் வரும். பொய்த்துடிப்புகள் குவிந்து பலகைகள் திணறினாலும் எண்ணிக்கை குறையக்கூடும். ஆனால் அப்படித் திணறியிருந்தால் எல்லாத் திசையிலும் குறைந்திருக்க வேண்டும். தொலைநோக்கி வானத்தை 169 திசைகளாகப் பிரித்து எண்ணுகிறது. குறைவு ஒன்றையொன்று ஒட்டிய சில திசைகளில் மட்டுமே இருந்தது. குழாய்களும் பலகைகளும் எல்லாத் திசைக்கும் பொது. எனவே மாறியது மேகத்துக்கு அடியில் வந்த மியூவான்கள்தான். மேகத்தின் மின்புலம் நேர்மின் மியூவான்களின் ஆற்றலைக் குறைக்க, ஒரு பகுதி கான்கிரீட்டைத் தாண்ட முடியாமல் போயிற்று. மேகத்தின் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையே 130 கோடி வோல்ட் என்று கணக்கு வந்தது. இடிமேகத்தில் இந்த அளவு மின்னழுத்தம் உருவாகலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். ஊட்டி அளவீட்டைப் பற்றி பா. ஹரிஹரனும் சகாக்களும் எழுதிய கட்டுரை 2019இல் ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸில் வெளியானது.

தொலைநோக்கியின் பரப்பை இரட்டிப்பாக்க, இதே அளவுக் குழாய்களை ஆய்வகம் தானே செய்துகொள்ளத் தொடங்கியது. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் கம்பி இழுப்பது, ஈயம் வைப்பது, வாயு நிரப்பி மூடுவது, கசிவு பார்ப்பது, துடிப்பு எண்ணுவது என்று இத்தனை வேலையும் முதலில் இருந்து நடக்க வேண்டும்.