கச்சேரிக்கு இடம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே வேலைதான். வானொலியிலிருந்து அப்பா பிடித்துவைத்த கேசட் கச்சேரிகளை அதில் ஏற்றுவது. சிடி தரத்தில் பதிந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி. மூன்று மணி நேரக் கச்சேரி 2 ஜிபியை நெருங்கிவிடும். 40 ஜிபி ஹார்டு டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்? எம்பி3 ஆக்கினால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்பா சம்மதிக்கவில்லை. காதுக்குத் தெரியாது என்று அது கழிப்பதில் தம்புராவின் கார்வையும் போய்விடும் என்பார். நானும் அவர் கட்சிதான். கேசட்டே கொஞ்சம் தின்றுவிட்டது. மிச்சத்தை நாம் ஏன் குறைக்க வேண்டும்?

புதுக் கம்ப்யூட்டரே வாங்கலாமே என்றார்கள். டெக்கிலிருந்து வரும் ஒயர், சவுண்ட் கார்டு, அப்பாவின் கைப்பழக்கம் எல்லாம் இந்தப் பெட்டியோடு படிந்துபோயிருந்தன. டிஸ்க்கை மட்டும் மாற்ற ரிச்சி தெருவுக்குப் போய் 160 ஜிபி கேட்டேன். கடைக்காரர் எடுக்கவில்லை.

"போர்டு எந்த வருஷம் சார்? ரெண்டாயிரமா? அதுக்கு 137க்கு மேல தெரியாது. 120 எடுத்துக்கோங்க, போதும்."

அவர் சொன்னது சரியான கணக்கு. டிஸ்க் முழுக்க 512 பைட் பிடிக்கும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் கதவிலக்கம் மாதிரி ஓர் எண். அந்தக் காலத்து பயாஸ் அந்த எண்ணை 28 பிட்டுக்குள் எழுதும். அதனால் 26.84 கோடி அறைகளோடு இலக்கம் தீர்ந்துவிடும். பெருக்கினால் 137 ஜிபி. 48 பிட் எண் பிறகு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கே 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக் தேவைப்பட்டது. எல்லை தாண்டி எழுதப்போய், எண் பூஜ்யத்துக்குத் திரும்பி, முதலில் வைத்ததன் மேலேயே எழுதிவிடுவதும் உண்டு. ஒரு கச்சேரியின் மேல் இன்னொரு கச்சேரி! பெரியதை விற்றிருந்தால் அவருக்குக் காசு கூடத்தான் கிடைத்திருக்கும். அந்த மனிதரை நன்றியோடு நினைக்கிறேன்.

மாட்டியது அப்பா. ரிப்பன் கேபிளின் சிவப்பு ஓரம் பவர் ஒயர் பக்கம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஜம்பரைச் சாமணத்தால் பிடித்து ஸ்லேவ் பின்களில் செருகினார். பழையதிலிருந்து எல்லாம் காப்பியாகி, ஒவ்வொரு கச்சேரியிலும் கடைசி மங்களத்தைப் போட்டுக் கேட்ட பிறகுதான் புதியது மாஸ்டர் ஆனது.

பழைய டிஸ்க்கை அழிக்கவில்லை. இரண்டு பிரதியும் ஒரே வீட்டில் இருப்பது காப்பு ஆகாது என்பதால் அது அடையாற்றில் தம்பி வீட்டு பீரோவுக்குப் போயிற்று. அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் கேசட் இருக்கிறது; டேப் ஒட்டிக்கொள்வதற்குள் ஏற்றியாக வேண்டும்.