இரணைமடுக் குளக்கட்டும் இயந்திரமில்லாத விமானமும்

தெற்கிலிருந்து கண்டி வீதியால் கிளிநொச்சிக்கு வருபவர்கள் நகரை அடைவதற்குச் சற்று முன்பாக இரணைமடுச் சந்தியைக் காண்பார்கள். அங்கிருந்து உள்ளே திரும்பும் வீதி எங்களைக் குளத்துக்குக் கூட்டிச் செல்லும். கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் குளக்கட்டில் ஏறினால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டாத தண்ணீர், மறுபக்கம் அந்தத் தண்ணீரை நம்பிய வயல்கள். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கிய குளம் இது. பின்னர் கட்டு பல தடவை உயர்த்தப்பட்டது. கடைசியாக நடந்த பெரிய புனரமைப்பின் பின் 2018 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதே மாதம் வந்த பெருவெள்ளத்தில் வான்கதவுகள் திறந்து தண்ணீர் பாய்ந்ததைக் கிளிநொச்சி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீரைப் பார்க்கத்தான் எல்லோரும் இங்கு வருகிறார்கள். இந்த மாதம் நாம் இங்கே காற்றைப் பார்ப்போம்.

சோளகம் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து தண்ணீருக்கு மேலாக ஓடி வந்து, கட்டின் கல் பாவிய பக்கத்தில் மோதும். ஊடுருவிப் போக வழியில்லாததால் சரிவைப் பிடித்து மேலே ஏறும். வாடைக்காலத்தில் இதே காற்று வடகிழக்கிலிருந்து வந்து, வயல் பக்கத்துப் புல் சரிவில் மோதி ஏறும். கட்டின் விளிம்பில் நின்று ஒரு கைப்பிடி உமியைத் தூவினால் அது கீழே விழாமல் மேலே கிளம்புவதைக் காணலாம். பருந்துகளுக்கு இந்த வித்தை முன்னரே தெரியும். சிறகை அடிக்காமல், உடலைச் சற்றுச் சரித்து, ஏறும் காற்றிலேயே நிற்கும்.

இந்தக் காற்றை நம்பி ஓடும் விமானங்களும் உலகில் உண்டு. ஐரோப்பாவின் மலைச்சரிவுகளிலும் கடலோரக் குன்றுகளிலும் இயந்திரமே இல்லாத சிறு விமானங்களை றேடியோக் கருவியால் இயக்கிப் பந்தயம் விடுகிறார்கள். 100 மீற்றர் இடைவெளியில் இரண்டு எல்லைகளைக் குறித்து, அவற்றுக்கிடையே 10 தடவை ஓடவேண்டும். குறைந்த நேரத்தில் முடிக்கும் விமானம் வெல்லும். எரிபொருள் கிடையாது. சரிவில் ஏறும் காற்றுத்தான் முழுப் பலமும்.

ஆனால் புதிதாகச் செய்த விமானத்தை யாரும் நேரே பந்தயத்துக்குக் கொண்டு போவதில்லை. முதலில் அதன் பாரம் எங்கே சமநிலைப்படுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு புல்தரையில் கையால் மெதுவாக எறிந்து பார்ப்பார்கள். அதன்பின் உயரத்தில் விட்டு, வால் மடலையும் சிறகு மடல்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவார்கள். கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைக்காமலே விமானம் நேராக ஓடும்வரை இந்த வேலை நடக்கும். எங்கள் ஊரில் பட்டத்துக்கு முச்சை கட்டுவதும் இதே வேலைதான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரும் பட்டங்களுக்கும், எங்கள் வீட்டுப் பிள்ளையின் கடதாசிப் பட்டத்துக்கும் முச்சை பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும்.

வன்னியில் விமானம் என்ற சொல்லைச் சும்மா எழுதிவிட்டுப் போகமுடியாது. கிபிர் வந்த நாட்களும், இரவு முழுவதும் தலைக்கு மேல் இரைந்த "வண்டு" என்ற வேவு விமானமும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் விழுந்த பொழுதுகளும் எங்களில் பலருக்கு இன்னும் உடம்பில் இருக்கின்றன. இரணைமடுவிலேயே ஓர் ஓடுபாதை இருந்தது. விடுதலைப் புலிகள் அமைத்த அந்த ஓடுபாதையை 2009 ஜனவரியில் இராணுவம் கைப்பற்றியது. பின்னர் அது விமானப்படைத் தளமாயிற்று. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள் சத்தம் கேட்டால் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். தாய்மார் அவர்களை உள்ளே இழுக்கிறார்கள். எதற்காக இழுக்கிறோம் என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. சொல்லவும் எங்களுக்கு வாய் வருவதில்லை.

ஆகவேதான் சத்தமே போடாத ஒரு விமானத்தைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. றேடியோக் கருவி தேவையில்லை. இலங்கையில் அத்தகைய விமானங்களையும் ட்ரோன்களையும் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. விமானப்படைத் தளத்துக்கு அருகில் அதை நினைக்கவே வேண்டாம். கையால் எறியும் சிறு விமானமே எங்களுக்குப் போதும்.

தேவையானவை: பொருட்கள் அடைத்து வரும் றெஜிபோம் துண்டு, தடித்த அட்டை, 35 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி, றெஜிபோமைக் கரைக்காத பசை, கொஞ்சம் களிமண்.

றெஜிபோமில் 40 சென்ரிமீற்றர் நீளம், 9 சென்ரிமீற்றர் அகலம் உள்ள சிறகை மெல்லியதாக வெட்டுங்கள். அதை நடுவில் வெட்டி, இரு நுனிகளும் சற்று மேலே உயர்ந்திருக்கும்படி மீண்டும் ஒட்டுங்கள். இந்த உயர்வுதான் விமானம் ஒரு பக்கம் சரிந்தால் அதைத் திரும்ப நிமிர்த்தும். குச்சியின் முன்பக்கத்தில் சிறகையும், பின்நுனியில் அட்டையால் செய்த கிடைவாலையும் நிமிர்ந்த வாலையும் ஒட்டுங்கள். மூக்கில் களிமண் உருண்டையை அப்புங்கள்.

இனிச் சமநிலை பார்க்கவேண்டும். சிறகின் முன்விளிம்பிலிருந்து 3 சென்ரிமீற்றர் பின்னால், இரு பக்கமும் விரல்நுனியில் தாங்குங்கள். வால் தாழ்ந்தால் களிமண்ணைக் கூட்டுங்கள். மூக்குத் தாழ்ந்தால் குறையுங்கள். சமமாக நின்றதும், காற்று மெதுவாக இருக்கும் காலையில், அறுவடை முடிந்த வயலில் காற்றுக்கு எதிரே நின்று, மூக்கைச் சிறிது தாழ்த்தி மெதுவாக எறியுங்கள். பலமாக எறிந்தால் பிழை எது என்று தெரியாது.

மூக்கைத் தூக்கி, ஒரு கணம் நின்று, பின் குத்தி விழுந்தால் மூக்குப் பாரம் போதாது. நேரே தரையில் குத்தினால் பாரம் கூடிவிட்டது, அல்லது கிடைவாலின் பின்விளிம்பைச் சற்று மேலே வளைக்கவேண்டும். ஒரு பக்கமே திரும்பினால் சிறகு முறுகியிருக்கிறதா என்று முன்னாலிருந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

ஜேர்மனியரான ஒட்டோ லிலியன்தால் பறந்து பழகுவதற்காகவே 1894இல் பேர்லினுக்கு அருகில் ஏறத்தாழ 15 மீற்றர் உயரமான மண்மேடு ஒன்றைக் கட்டுவித்தார். எங்கள் குளக்கட்டைப் போல மனிதர் குவித்த மண்தான் அதுவும். 1896இல் பறப்பு விபத்தொன்றில் அவர் இறந்தார். அவர் எழுதி வைத்தவற்றைப் படித்த ரைட் சகோதரர்கள் 1902இல் அமெரிக்காவின் மணற்குன்றுகளில் இயந்திரமில்லாத விமானத்தை நூற்றுக்கணக்கான தடவை ஓட்டித் திருத்தினார்கள். 1903 டிசம்பர் 17இல்தான் இயந்திரத்தோடு பறந்தார்கள். பிள்ளையின் விமானம் பத்துத் தடவை விழுந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

வயலில் நேராக ஓடப் பழகியபின் தை, மாசி மாதங்களில் மெல்லிய வாடை வீசும் நாளில் குளக்கட்டுக்கு வாருங்கள். வயல் பக்கத்துப் புல் சரிவின் மேல் நின்று காற்றை நோக்கி எறியுங்கள். வயலில் பறந்ததிலும் பார்க்கக் கூடுதல் நேரம் அது தங்கும். தண்ணீர்ப் பக்கம் ஒருபோதும் எறியவேண்டாம். விமானத்தின் பின்னால் பிள்ளை ஓடும், குளம் ஆழம். பற்றைக்குள் விழுந்தால் விட்டுவிடுங்கள். மிதிவெடி அகற்றிய இடமென்று நிச்சயமாகத் தெரியாத நிலத்தில் கால் வைக்கக்கூடாது. றெஜிபோம் துண்டு இன்னொன்று கிடைக்கும்.

பட்டம் ஏற்றுவது ஆண்பிள்ளைகளின் வேலை என்று எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. இதில் அப்படி வேண்டாம். நுணுக்கமாக வெட்டவும், களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளிக் குறைக்கவும் பெண்பிள்ளைகளுக்கு நல்ல பொறுமை இருக்கிறது. முதல் எறிதலை அவளிடமே கொடுங்கள். நீங்களும் ஒரு தடவை எறியுங்கள். அது தரையைத் தொடும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.